தொலைவும் காணியும்: ரொறன்ரோவின் உள்ளூர் உணவு முயற்சிகளும் ஈழத்தமிழர் தோட்டங்களும்

கனடாவில் விற்கப்படும் ஓர் உணவுப்பொருளின் மீது 'உள்ளூர்' என்று எழுதுவதற்கு 2013 வரை இருந்த விதி இறுக்கமானது. அப்பொருள் விற்கப்படும் இடத்திலிருந்து 50 கிலோமீற்றருக்குள் விளைந்திருக்க வேண்டும். அவ்வாண்டு கனடிய உணவு ஆய்வு முகமை அவ்விதியைத் தளர்த்தி, ஒரு மாகாணத்தில் விளைந்த பொருள் அம்மாகாணத்துக்குள் எங்கு விற்கப்பட்டாலும் உள்ளூர்ப் பொருளே என்று அறிவித்தது. ஒன்ராறியோ மாகாணம் இலங்கைத் தீவைப் போலப் பதினாறு மடங்குக்கும் மேலான பரப்புடையது. ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் விளைந்த உருளைக்கிழங்கும் ரொறன்ரோவில் இப்போது உள்ளூர்க் கிழங்குதான். மறுபுறம், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம் ஒரு தமிழ் முதியவர் விளைவித்த பாகற்காய், அங்கிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள தமிழ்க் கடைக்கு வருவதில்லை. அக்கடையின் பாகற்காய் டொமினிக்கன் குடியரசிலிருந்தோ ஹொண்டுராசிலிருந்தோ வருகிறது. முருங்கைக்காய் விமானத்தில் வருகிறது.

உள்ளூர் உணவு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இத்தொலைவைப் பற்றியே பேசுகின்றன. எத்தனை மைல், எத்தனை லீற்றர் எரிபொருள், எத்தனை நாள் குளிரறையில் என்பவை அவற்றின் கேள்விகள். ரொறன்ரோ நகர்ப்புலத்தின் கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றைக் காணியுரிமையின் வரலாறாக வாசிப்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம். யார் எந்த நிலத்தை எத்தனை ஆண்டுக்கு உழலாம் என்பது தீர்மானிக்கப்பட்ட இடங்களிலேயே உள்ளூர் உணவின் விதியும் தீர்மானிக்கப்பட்டது. அவ்வரலாற்றில் ஈழத்தமிழர் இரண்டு பக்கத்திலும் நிற்கின்றனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியுள்ளது.

இத்தகைய மாநாடுகளில் நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஐந்திணையிலிருந்து தொடங்குவதே வழக்கம். அவ்வழக்கத்தை இங்கு தவிர்க்கிறேன். மருதத்தையும் மார்க்கம் நகரையும் ஒப்பிடுவதால் இரண்டுமே தெளிவடையப் போவதில்லை. புலம்பெயர் தமிழர் பற்றிய நம் ஆய்வுகள் கோயில், அரசியல், இலக்கியம், மொழிக்கல்வி ஆகியவற்றில் செலுத்திய உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவர்களது பாத்திகளில் செலுத்தவில்லை என்ற குறையை மட்டும் பதிவு செய்துவிட்டு மேலே செல்கிறேன்.

பசியிலிருந்து தொடங்கிய இயக்கம்

ரொறன்ரோவின் உணவு இயக்கம் பசியிலிருந்து தொடங்கியது. 1980களின் தொடக்கத்துப் பொருளாதார மந்தத்தில் பெருகிய உணவு வங்கிகளை ஒருங்கிணைக்கும் பொருட்டு, நகரமுதல்வர் ஆர்ட் எகிள்ரன் காலத்தில், 1985ஆம் ஆண்டு ஃபூட்ஷெயார் என்னும் அமைப்பு உருவானது. உதவி தேவைப்படுவோரை உதவி கிடைக்கும் இடத்துக்கு அனுப்பும் தொலைபேசிச் சேவையே அதன் முதற்பணி. பசித்தவருக்குத் தானம் வழங்குவது பசியைத் தீர்க்கவில்லை என்பதை அதன் பணியாளர்கள் விரைவில் உணர்ந்தனர். 1991இல் நகரச் சுகாதார சபையின் கீழ் ரொறன்ரோ உணவுக் கொள்கை மன்றம் அமைக்கப்பட்டது. விவசாயியும் ஊட்டச்சத்து அறிஞரும் சமூகப் பணியாளரும் நகரசபை உறுப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்து உணவைப் பற்றி நகருக்கு ஆலோசனை கூறும் அவை அது. வட அமெரிக்காவில் அத்தகைய அவைகளுள் முன்னோடியானது.

1994இல் ஃபூட்ஷெயார் தொடங்கிய 'நல்லுணவுப் பெட்டி' எளிய ஏற்பாடு. பலர் சேர்ந்து முன்பணம் கட்ட, மொத்தச் சந்தையிலும் விவசாயிகளிடமும் வாங்கிய காய்கனிகள் பெட்டிகளில் நிரப்பப்பட்டு அயல்புறங்களுக்குச் செல்லும். வாங்குபவர் ஏழையா வசதியுள்ளவரா என்று எவரும் கேட்பதில்லை. அப்பெட்டியின் கரட்டும் வெங்காயமும் ஒன்ராறியோவில் விளையும் பருவத்தில் ஹொலண்ட் மார்ஷ் போன்ற இடங்களிலிருந்து வருபவை. நகருக்கு வடக்கே உள்ள அக்கரிய சதுப்புமண், பேராசிரியர் வில்லியம் டேயின் முயற்சியால் 1925 முதல் 1930 வரை கால்வாய் வெட்டி வடிக்கப்பட்டது. 1934இல் அங்கு குடியேறிய டச்சுக் குடும்பங்களே அதனைக் காய்கறி நிலமாக்கியவர்கள். இன்று ஒன்ராறியோவின் 'மரபான' உள்ளூர் உணவு என்று பேசப்படுவதும் ஒரு குடியேறிய சமூகத்தின் தோட்டந்தான் என்பது நம் பொருளுக்குப் பயனுள்ள செய்தி.

1998இல் ஸ்காபரோ உள்ளிட்ட ஆறு மாநகரப் பகுதிகள் ஒன்றிணைக்கப்பட்டன. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு சமூகத் தோட்டமாவது இருக்க வேண்டும் என்ற இலக்குடன் 1999இல் ஒரு செயற்றிட்டமும், உணவை உரிமையாகப் பேசும் உணவுச் சாசனம் ஒன்று 2001இலும் வந்தன. இவற்றின் கொள்கை வரலாறு ஆங்கிலத்தில் நன்கு எழுதப்பட்டுள்ளதால் இங்கு விரிக்கவில்லை. நம் கவனத்துக்குரியது காலப்பொருத்தம். 1983 யூலைக்குப் பின் வந்த ஈழத்தமிழர் முதலில் சென். ஜேம்ஸ் ரவுனிலும் பார்க்டேலிலும், பின்னர் பெருந்தொகையாக ஸ்காபரோவிலும் குடியேறிய அதே ஆண்டுகளே இந்நிறுவனங்கள் தோன்றிய ஆண்டுகளும். ஒரே நகரில், ஒரே காலத்தில், உணவைப் பற்றிய இரண்டு அறிவுகள் அருகருகே வளர்ந்தன. ஒன்று கூட்டக் குறிப்புகளில் வளர்ந்தது. மற்றையது வாளிகளிலும் பாத்திகளிலும்.

உரும்பிராயின் செம்மண்ணும் ஸ்காபரோவின் களியும்

இரண்டாவது அறிவைப் பொழுதுபோக்கென்று எண்ணுவது பிழை. 1990களில் பிள்ளைகளின் பொறுப்பேற்பில் ரொறன்ரோ வந்த பெற்றோர் பலர், யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொழில்முறைத் தோட்டக்காரராக இருந்தவர்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, சுண்ணக்கல்லுக்கடியில் தேங்கிய மழைநீரைக் கிணற்றால் மட்டும் எடுக்கக்கூடிய நிலம் அது. அங்கு ஒரு குடும்பம் பிழைத்தது ஏக்கர்க் கணக்கால் அல்ல, பரப்புக் கணக்கால். சிறிய தறையில் புகையிலை, மிளகாய், வெங்காயம், மரவள்ளி, காய்கறி என்று சுழற்சியாகப் பயிரிடுவதும், வேலியிலிருந்து வெட்டிய பூவரசு, கிளுவைக் குழைகளை மண்ணில் தாழ்ப்பதும், பாத்தி பிரித்து வாய்க்கால் மாறித் தண்ணீர் கட்டுவதும் தலைமுறைகளாகத் திருத்தமடைந்த நுட்பங்கள்.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டின் மிளகாயும் வெங்காயமும் பொன்னாயின. உரும்பிராயில் என் தந்தையார் சீமெந்து வீடு கட்டியதும், நான் பல்கலைக்கழகம் போனதும் அந்த ஏழாண்டு மிளகாயால்தான். 1977இன் திறந்த பொருளாதாரம் அதனை முறித்தது. மலிவான இறக்குமதி வந்தது, விலை விழுந்தது. உள்ளூர் விளைச்சலைக் காப்பது சந்தையின் விருப்பமன்று, அரசின் முடிவு என்னும் பாடத்தை ரொறன்ரோவின் உணவுக் கொள்கையாளர் கருத்தரங்குகளில் விவாதித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருவிலிருந்த தமிழ் முதியவர் அதனைத் தம் வாழ்விலேயே கண்டிருந்தார்.

1990களின் பொருளாதாரத் தடை இன்னொரு பயிற்சி. உரமும் எரிபொருளும் குடாநாட்டுக்குள் வரத் தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில், யூரியா இல்லாமலும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லாமலும் தோட்டம் செய்ய வேண்டியிருந்தது. 'நீடித்து நிலைக்கும் வேளாண்மை' என்று இங்கு பாடநெறியாகக் கற்பிக்கப்படுவதை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அதனை இலட்சியமாகப் பேசுவோரை அவர்கள் சற்று வியப்புடனேயே பார்த்தனர்.

அந்த அறிவு ஸ்காபரோவில் எதிர்கொண்டது வேறு காலநிலை. மே மாதம் 25ஆம் நாளுக்கு முந்திய திங்களான விக்டோரியா தினத்துக்கு முன் மிளகாய்க் கன்றை வெளியே நடலாகாது என்பது இங்குள்ள தோட்டக்காரர் மரபு. ஒக்ரோபரில் உறைபனி வந்துவிடும். இடைப்பட்ட ஐந்து மாதத்துக்குள் கத்தரியும் வெண்டியும் பயற்றையும் பாகலும் புடலும் காய்த்து முடிய வேண்டும். எனவே மார்ச் மாதமே வரவேற்பறைச் சன்னலோரம் நாற்றுமேடையாகிறது. கறிவேப்பிலையும் முருங்கையும் வாளியில் வளர்ந்து, குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் விருந்தாளிகளாகின்றன. இலையுதிர்காலத்தில் அயலவர் தெருவோரம் வைக்கும் மேப்பிள் இலைப் பைகளைக் கேட்டு வாங்கித் தோட்டத்தில் புதைத்த பெரியவர்களை நான் அறிவேன். வேலியிலிருந்து குழை வெட்டிய கைகளுக்கு அது புதிய வேலையன்று.

புலம்பெயர்ந்தோரின் சமூகத் தோட்டங்களைப் பற்றி ரொறன்ரோவில் நடந்த ஆய்வுகளுள் லோரன் பேக்கர் 2004இல் ஜியோகிராஃபிக்கல் றிவியூ ஆய்விதழில் எழுதிய கட்டுரை முக்கியமானது. தோட்டக்காரரை நுகர்வோராகக் காணாமல், உணவுமுறையை உருவாக்கும் குடிமக்களாகக் கண்டமை அதன் சிறப்பு. அக்கருத்தை ஏற்றுக்கொண்டு ஒரு கேள்வியைச் சேர்க்கிறேன். குடிமகனுக்கு வாக்குரிமை உண்டு. இந்தத் தோட்டக்காரருக்குத் தம் பாத்தியில் என்ன உரிமை இருந்தது?

ஒரு கடிதமும் ஒரு பூட்டும்

ஸ்காபரோவின் சமூகத் தோட்டங்கள் பெரும்பாலும் பிறரது நிலத்தில் இருப்பவை. நகரப் பூங்காக்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஓரங்கள், தேவாலய வளவுகள், உயர் அழுத்த மின்கம்பிகள் செல்லும் வழித்தடங்கள் ஆகியவையே அவற்றின் இடங்கள். இவற்றுள் மின்வழித்தடங்கள் தனிக் கவனத்துக்குரியவை. கட்டடம் எழுப்ப முடியாத, வெயில் தடையின்றி விழுகின்ற, நீண்ட பசும்புல் வெளிகள் அவை. பகற்பொழுதெல்லாம் நிழலற்ற நிலம் தேடும் மிளகாய்க்கு ஏற்றவை. மல்வேர்ன் பகுதியில் அங்குள்ள குடும்ப வள மையம் நடத்தும் நகர்ப் பண்ணையும் அத்தகைய வழித்தடத்திலேயே உள்ளது. 2018இல் அறிவிக்கப்பட்ட மெடோவே திட்டம், ஸ்காபரோவை ஊடறுக்கும் 16 கிலோமீற்றர் வழித்தடத்தைப் புல்வெளியும் நடைபாதையுமாக மாற்ற முற்பட்டது. பாராட்டத்தக்க திட்டம்; வண்ணத்துப்பூச்சிகளுக்கு நல்லது. அவ்வழித்தடத்தைக் காணும்போதெல்லாம் எத்தனை பரப்பு என்று மனம் கணக்கிடுவதைத் தவிர்க்க எனக்கு இயலவில்லை.

இந்நிலங்கள் எவற்றிலும் தோட்டக்காரருக்குக் குத்தகையில்லை. அனுமதி மட்டுமே உண்டு. அது பெரும்பாலும் ஒரு பருவத்துக்கானது. மரம் நடலாகாது, கொடிக்கு உயரப் பந்தல் போடலாகாது, நிலத்தில் நிலையான எதுவும் அமைக்கலாகாது. எனவே ஒவ்வோராண்டும் மண்ணைத் திருத்துவோர், மறு ஆண்டு அம்மண் தமக்கே கிடைக்கும் என்ற உறுதியின்றியே திருத்துகின்றனர். குடாநாட்டில் வாரத்துக்குச் செய்பவர் எரு இடுவதில் கைச்சிக்கனம் காட்டுவார் என்று எங்கள் ஊரில் சொல்வதுண்டு. இங்கு நான் கண்டது அதற்கு மாறு. நாளை போய்விடக்கூடிய பாத்திக்கும் பெரியவர்கள் தாராளமாகவே இட்டார்கள்.

1990களின் இறுதியில் என் தாயாரும் நானும் ஒரு தோட்டத்தில் பாத்தி வைத்திருந்தோம். பதினொரு ஆண்டுகள். இளங்கோடையின் ஓர் ஏப்பிரலில் படலை பூட்டப்பட்டிருந்தது. நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்வதாக மூன்று வரிக் கடிதம் பின்னர் வந்தது. தோட்டக்காரருள் பாதிப்பேருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. பொறுப்பானவர்களைக் குறைகூற இதனை எழுதவில்லை. அவர்கள் அனுமதிப் பத்திரத்தின் வாசகப்படியே நடந்தனர். சிக்கல் அந்த வாசகத்தில்தான் இருந்தது. எங்களுடன் தோட்டம் செய்த ஓர் அம்மையார், வலிகாமம் வடக்கிலிருந்து வந்தவர், தம் பயற்றை விதைகளை எடுத்துக்கொள்ளவாவது விடுவார்களா என்று மட்டும் கேட்டார். விதை வீட்டில் இருந்தது. நிலந்தான் இல்லை என்று நாங்கள் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

இரண்டு விமான நிலையங்கள்

வலிகாமம் வடக்கு என்ற பெயர் இங்கு தற்செயலாக வரவில்லை. குடாநாட்டின் மிகச்சிறந்த செம்மண் நிலங்களுட் சில பலாலி விமானத்தளத்தைச் சூழ்ந்தவை. 1990இல் அங்கிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆயிரக்கணக்கான ஏக்கர் உயர் பாதுகாப்பு வலயமாகியது. போர் முடிந்தபின் அந்நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டு வந்தது. 2019இல் பலாலி யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது.

ரொறன்ரோவுக்கும் விமான நிலையத்துக்காகச் சுவீகரிக்கப்பட்ட விளைநிலம் உண்டு. 1972 மார்ச்சில் மத்திய அரசு நகரின் கிழக்கே பிக்கறிங் பகுதியில் புதிய விமான நிலையம் அமைக்கும் நோக்குடன் ஏறத்தாழ 18,600 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அறிவித்தது. அருகிலேயே புதுநகர் ஒன்றுக்காக மாகாண அரசும் காணி எடுத்தது. 'மக்களா விமானங்களா' என்னும் பெயரில் எழுந்த எதிர்ப்பியக்கமும் மாகாணத்தின் பின்வாங்கலும் 1975இல் கட்டுமானத்தை நிறுத்தின. ஆயினும் காணி திரும்பவில்லை. தம் சொந்த நிலத்திலேயே விவசாயிகள் குறுங்காலக் குத்தகைக்காரராயினர். நாளை என்ன ஆகும் என்று தெரியாத நிலத்தில் வடிகால் அமைக்கவோ பழமரம் வைக்கவோ எவர் துணிவார்? வீடுகள் சிதைந்தன, ஆண்டுப் பயிர்கள் மட்டும் எஞ்சின. விமான நிலையம் கட்டப்போவதில்லை என்ற மத்திய அரசின் அறிவிப்பு 2025 சனவரியில்தான் வந்தது. அதனை வெளியிட்ட போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்தின் தந்தையார் தமிழ்நாட்டவர் என்பது ஒரு தற்செயல்.

இரு சுவீகரிப்புகளையும் சமமென்று நான் கூறவில்லை. பிக்கறிங்கில் நட்டஈடு இருந்தது, நீதிமன்றம் இருந்தது, எறிகணை இல்லை. பொதுநலனின் பெயரால் எடுக்கப்பட்ட நிலம், எடுக்கப்பட்ட நோக்கம் கைவிடப்பட்ட பின்பும், உழுதவர் கைக்கு எளிதில் திரும்புவதில்லை என்பதே ஒப்புமை.

மாகாணம் எடுத்த காணியின் கதை இன்னும் அறிவூட்டுவது. அதன் ஒரு பகுதியை 1999 அளவில் மாகாண அரசு, முன்பு குத்தகைக்கு உழுதவர்களுக்கு விவசாய நில விலைக்கே திரும்ப விற்றது. என்றைக்கும் விவசாயத்துக்கே பயன்பட வேண்டும் என்ற கட்டுப்பாடு உறுதிகளில் சேர்க்கப்பட்டது. விலை மலிவாயிருந்ததன் காரணமே அக்கட்டுப்பாடு. ஆனால் காலப்போக்கில் அந்நிலத்தின் பெரும்பகுதி வீடமைப்பு நிறுவனங்களின் கைக்கு மாறியது. கட்டுப்பாட்டை நீக்கும் முயற்சிகளும் தொடங்கின. 2005இல் மாகாண சட்டமன்றம் டஃபின்ஸ் றூஜ் விவசாயக் காப்பகச் சட்டத்தை இயற்றி அதனை மீண்டும் நிலைநிறுத்தியது. அதே ஆண்டில், நகர்ப்புலத்தைச் சூழ்ந்து ஏறத்தாழ 18 இலட்சம் ஏக்கரைக் காக்கும் பசுமை வளையச் சட்டமும் வந்தது.

2022இன் இறுதியில் அவ்வளையத்திலிருந்து 15 இடங்களில் ஏறத்தாழ 7,400 ஏக்கர் நீக்கப்பட்டது. வீட்டுப் பற்றாக்குறையே காரணமாகக் கூறப்பட்டது. நீக்கப்பட்டதில் பாதிக்கும் மேற்பட்டது டஃபின்ஸ் றூஜ் நிலம். அதற்குரிய 2005ஆம் ஆண்டுச் சட்டமும் ஒழிக்கப்பட்டது. இம்மாற்றத்தால் நில உரிமையாளருக்குக் கிடைக்கக்கூடிய மதிப்புயர்வு 8.3 பில்லியன் டாலருக்கு மேல் என்றும், தெரிவுமுறை சில நிறுவனங்களுக்குச் சாதகமாக அமைந்தது என்றும் மாகாணக் கணக்காய்வாளர் நாயகத்தின் 2023 ஓகஸ்ட் அறிக்கை கூறியது. செப்ரெம்பரில் பொறுப்பான அமைச்சர் பதவி விலகினார். அம்மாதம் 21ஆம் நாள் மாகாண முதல்வர் முடிவைத் திரும்பப் பெற்றார். காப்பகச் சட்டமும் ஆண்டு முடிவதற்குள் மீட்கப்பட்டது.

அப்போராட்டத்தில் விவசாயிகள், இயற்கைக் காவலர், முதற்குடியினர், உணவு அமைப்பினர், ஊர்ச் சங்கத்தார் எனப் பலர் நின்றனர். தமிழரும் நின்றனர், ஆயினும் ஒரு சமூகமாக நம் குரல் தாழ்ந்தே ஒலித்தது என்பது என் கணிப்பு. காரணம் எளிது. ஸ்காபரோவின் அடுக்குமாடிகளிலிருந்து நாம் மார்க்கத்துக்கும் ஏஜக்சுக்கும் பிக்கறிங்குக்கும் நகர்ந்தோம். அந்த வீடுகளும் ஒருகாலத்தில் சோளமும் கோதுமையும் விளைந்த நிலத்திலேயே நிற்கின்றன. வீடு வாங்குவதும் விற்பதும் அடமானம் ஏற்பாடு செய்வதும் நம்மவர் பலரின் தொழிலுமாயின. அகதியாக வந்தவர் வீடு தேடியதில் குற்றங்காண எனக்கு உரிமையில்லை. என் வீடும் அத்தகையதே. புதிய குடியிருப்புகளில் வளமான மேல்மண்ணை முதலில் வாரி அகற்றி, கனரக வாகனங்கள் இறுக்கிய களியின்மீது சிறிதளவு மண்ணைப் பரப்பிப் புற்படலம் விரித்துத் தருகின்றனர். வீட்டுக்காரர் வசந்தத்தில் கடைக்குப் போய்ப் பிளாஸ்ரிக் பைகளில் மண் வாங்கி வருகிறார். கத்தரி வைக்க முதல் மண் வாங்க வேண்டியிருப்பதை எங்கள் தாய்மார் கடைசிவரை நம்ப மறுத்தனர்.

ஒன்ராறியோ இழப்பது சாதாரண நிலமன்று. கனடாவின் முதல்தர வேளாண் மண் நாட்டின் பரப்பில் மிகச் சிறு விழுக்காடு. அதில் பாதிக்கு மேல் ஒன்ராறியோவின் தென்பகுதியில் உள்ளது. 2016, 2021 விவசாயக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, நாளொன்றுக்கு 319 ஏக்கர் விளைநிலம் கணக்கிலிருந்து மறைவதாக ஒன்ராறியோ விவசாயிகள் சம்மேளனம் கூறுகிறது. மறைந்ததெல்லாம் கட்டடமாகிவிட்டது என்று கொள்ளலாகாது. தரிசாக விடப்பட்டதும் அதில் அடங்கும். ஆனால் நகரைச் சூழ்ந்த நிலம் தரிசாவது பெரும்பாலும் விற்பனைக்குக் காத்திருக்கும்போதுதான்.

வெண்டிக்காய் உள்ளூரானால்

தமிழர் உணவு இயல்பிலேயே தொலைதூர உணவு, எனவே உள்ளூர் உணவு இயக்கத்துக்குப் புறம்பானது என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியது. குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 அளவில் செய்த ஆய்வு அதனை அசைத்தது. ரொறன்ரோ பெரும்பாகத்தில் தெற்காசிய, சீன, ஆபிரிக்க-கரிபியக் குடும்பங்கள் தத்தம் மரபுக் காய்கறிகளுக்கு மாதத்துக்கு 61 மில்லியன் டாலர் செலவிடுவதாக அவர்கள் மதிப்பிட்டனர். அதில் தெற்காசியரின் பங்கு 33 மில்லியன். நயாகராப் பகுதியிலுள்ள வைன்லண்ட் ஆய்வு மையம் வெண்டியையும் நீளக் கத்தரியையும் ஒன்ராறியோ மண்ணில் வணிகமுறையில் விளைவிக்கும் சோதனைகளைச் செய்தது. பிரம்ரனின் மக்வீன் பண்ணையில், நிலமில்லாத புதுக் குடியேறியோர் சிறு துண்டுகளில் தொழில் பழகும் ஏற்பாடு 2008இல் தொடங்கியது. அது பொதுநிறுவனத்தின் நிலம். புதியவர் ஒருவர் சந்தை விலையில் காணி வாங்கிக் காய்கறி விற்று அக்கடனை அடைப்பது இந்நகர்ப்புலத்தில் நடக்கக்கூடிய செயலன்று.

விளைந்தால் மட்டும் போதாது. தமிழ்க் கடைக்காரர் விடியுமுன் செல்வது 1954 முதல் நகரின் மேற்கே இயங்கும் ஒன்ராறியோ உணவு மொத்தச் சந்தைக்கு. அங்கு உள்ளூர் விவசாயிகள் நேரே விற்கும் பகுதியும் உண்டு. ஆனால் கடைக்காரருக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில், ஒரே தரத்தில் காய் வேண்டும். ஸ்காபரோப் பாத்தியின் பாகல் ஓகஸ்டில் அளவுக்கு மீறியும் மற்ற மாதங்களில் இல்லாமலும் இருக்கும். அது கடைக்குப் போகாமல் அயலவருக்கும் உறவினருக்கும் கோயில் மடைப்பள்ளிக்கும் போகிறது. எந்தப் புள்ளிவிவரத்திலும் அது பதிவாவதில்லை.

உள்ளூர் விளைச்சலின் உழைப்பும் உள்ளூரினது அன்று. 1966இல் யமேக்காவிலிருந்து பருவகாலத் தொழிலாளரை அழைத்துத் தொடங்கிய திட்டம் பின்னர் மெக்சிக்கோவுக்கும் பிற கரிபிய நாடுகளுக்கும் விரிந்தது. ஒன்ராறியோவின் காய்கனியில் பெரும்பங்கு அவர்களால் பறிக்கப்படுகிறது. பருவம் முடிந்ததும் அவர்கள் திரும்ப வேண்டும். ஒரு பருவத்து அனுமதி என்னும் வாசகம் இங்கும் வருகிறது. இம்முறை மனிதர் மீது.

முப்பது ஆண்டுக் குத்தகை

2015இல் சட்டத்தால் நிறுவப்பட்ட றூஜ் தேசிய நகர்ப் பூங்கா, ஏறத்தாழ 79 சதுரக் கிலோமீற்றர் பரப்பில், ஸ்காபரோவின் கிழக்கெல்லையிலிருந்து மார்க்கம், பிக்கறிங் பகுதிகளுக்குள் விரிகிறது. அதன் நிலத்தில் பிக்கறிங் சுவீகரிப்புக் காணியின் ஒரு பகுதியும் அடங்கும். பூங்காவுக்குள் விவசாயம் நடக்கலாம் என்பது அதன் தனித்தன்மை. பல பத்தாண்டுகளாக ஓராண்டுக் குத்தகையில் உழுதுவந்த விவசாயிகளுக்கு, பாக்ஸ் கனடா 30 ஆண்டு வரையிலான குத்தகைகளை வழங்க முன்வந்தது. ஓராண்டுக் குத்தகையில் சோளம் விதைக்கலாம். முப்பது ஆண்டுக் குத்தகையில் வடிகால் போடலாம், களஞ்சியம் கட்டலாம், பழமரம் வைக்கலாம், மகளுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்கலாம். இந்த ஆய்வில் நான் கண்ட மாற்றங்களுள் உள்ளூர் உணவுக்கு மிகுந்த பயன் தரக்கூடியது இதுவே. அதன் பெயரில் 'உணவு' என்ற சொல்லே இல்லை.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் நகர்ப்புல உணவுமுறைகளைப் பற்றி நடத்திய ஆய்வுத் திட்டத்தில், உலகின் சில நகர்களுள் ரொறன்ரோவும் கொழும்பும் ஒருசேர இடம்பெற்றன. நம்மவருக்கு இரண்டும் தெரிந்த நகர்கள். யாழ்ப்பாண நகரையும் அதன் சூழ்புலத்தையும் இவ்வாறு ஆராய்வது, பலாலியைச் சூழ்ந்த காணிகளின் நிலையையும் சேர்த்து, இனி செய்யப்பட வேண்டிய பணி. அங்கு காணி உறுதிகளும் சுவீகரிப்பு அறிவித்தல்களும் ஆவணங்களாக உள்ளன. ரொறன்ரோத் தோட்டங்களுக்கு அத்தகைய ஆவணங்கள் குறைவு. அனுமதிப் பத்திரங்கள், பாத்தி வரைபடங்கள், தண்ணீர்க் கட்டண ரசீதுகள், படலைத் திறப்புகள் ஆகியவை ஸ்காபரோவின் வீடுகளில் மேசை இழுப்பறைகளில் கிடக்கின்றன; அவற்றை வைத்திருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். என்னிடம் இருப்பவை ஒரு மூன்று வரிக் கடிதமும், இப்போது எதையும் திறக்காத ஒரு திறப்பும். இவற்றைச் சேகரிக்கும் பணியைப் பல்கலைக்கழக நூலகம் ஒன்று ஏற்குமாயின், முதற்பெட்டியில் வைக்க அவ்விரண்டையும் தருகிறேன்.